பாண்டுரங்க நாட்டு முகலிங்கம்

வியட்நாம் நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில் பாண்டுரங்கம் என்னும் பழைய நாடொன்று இருந்தது. சம்பா என வழங்கிய அரசின் தென்கோடிப் பகுதி அது. அதன் வடபாகமே பிற்காலத்தில் நின் துவான் மாகாணம் எனப்பட்டது. 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளில் அம்மாகாணம் வடக்கிலுள்ள கான் ஹோவா மாகாணத்தோடு சேர்க்கப்பட்டது. மாகாணப் பெயர் மறைந்ததாயினும், அந்நிலத்தில் சிவலிங்கத்தை முன்னிட்டு நிகழும் வழிபாடு மறையவில்லை. அதன் வரலாறு சைவ நன்மக்கள் ஆராய்தற்குரியது.

அந்நிலம் மூன்று புறமும் மலைகளாலும் ஒரு புறம் கடலாலும் சூழப்பட்டது. மலைகள் மழைமுகிலைத் தடுத்தலின், வியட்நாம் முழுவதிலும் மழை மிகக் குறைந்த இடம் இதுவேயாம். கரையோரச் சமவெளியில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறத்தாழ 700 முதல் 800 மில்லிமீட்டரே. வெயிலும் காற்றும் மிகுதியாதலால் கா நா முதலிய இடங்களில் உப்பு விளைகின்றது, ஆடுகள் மேய்கின்றன, கொடிமுந்திரியும் பூண்டும் பயிராகின்றன. நெல் விளைய வேண்டுமாயின் ஆற்றை மறித்து அணை கட்டுதலும், கால்வாய் வெட்டுதலும் இன்றியமையாதன. இந்நீர்த்தேவையே அந்நாட்டு மக்கள் தம் தெய்வத்தை நினைக்கும் முறையையும் வகுத்தது என்பது பின்னர் விளங்கும்.

சம்பாவிற் சிவவழிபாடு மிகப் பழமையானது. கி. பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியிலே பத்ரவர்மன் என்னும் அரசன் மீ சன் என்னும் மலைப்பள்ளத்தாக்கிற் பத்ரேசுவரர் என்னுந் திருப்பெயரால் இறைவனை எழுந்தருளுவித்தான். அரசன் தன் பெயரை முன்வைத்து ஈசுவரன் என்னும் சொல்லைப் பின்வைத்துக் கோயிலுக்குப் பெயரிடும் வழக்கம் அங்கு அன்று தொட்டே நிலவியது. இராசராசேச்சுரம் எடுத்த சோழநாட்டார்க்கும் இவ்வழக்கம் புதியதன்று. பாண்டுரங்கத்தில் 787-ஆம் ஆண்டு சாவகப் படையினர் மரக்கலங்களில் வந்து சிவாலயமொன்றைத் தீக்கிரையாக்கினர். அதனை இந்திரவர்மன் என்னும் வேந்தன் புதுப்பித்த செய்தி 799-ஆம் ஆண்டுச் சாசனத்தால் அறியப்படுகின்றது.

இந்நாட்டுக் கோயில்களுட் சிறந்தது பான் ராங் நகர்க்கு அணித்தான குன்றின்மேல் செங்கல்லால் அமைந்தது. 1307-இல் மறைந்த செயசிங்கவர்மன் காலத்தது அது. வாயிலின் மேற்புறத்தில் ஆறு திருக்கரங்களோடு ஆடும் சிவபெருமானின் திருவுருவம் விளங்குகின்றது. உள்ளே எழுந்தருளியிருப்பது முகலிங்கம். வாயில் நிலைக்கற்களிற் பொறிக்கப்பட்ட சாம் மொழிச் சாசனம் அவ்விறைவனைச் செயசிங்கவர்மலிங்கேசுவரர் எனக் கூறி, அவர்க்கு அளித்த நிலம் முதலிய கொடைகளை உரைக்கின்றது.

ஆயின், அக்கோயிலில் வழிபடும் சாம் மக்கள் அத்திருப்பெயரை வழங்குவதில்லை. அவர்கள் கூறும் பெயர் போ க்ளோங் கராய் என்பதே. இவர் தொழுநோயுற்றுப் பின் நலம் பெற்று அரசராகி, அணையும் கால்வாயும் அமைத்து வறண்ட நிலத்தை வயலாக்கியவர் என்பது அவர்தம் மரபுரை. நீரின்றி வாழவியலாத நாட்டில், நீர் தந்தவனைத் தெய்வமாக எண்ணியது இயல்பே. முன்னர் அரசன் பெயர் இறைவன் பெயரோடு சேர்ந்தது. பின்னர் இறைவன் திருவுருவே அரசன் உருவாக எண்ணப்பட்டது.

1471-இல் வடக்கிலிருந்த விசயம் என்னும் தலைநகரம் லே தான் தோங் என்னும் வியட்நாமிய வேந்தனிடம் வீழ்ந்தது. பாண்டுரங்கம் பின்னும் நெடுங்காலம் நின்று, 1832-இல் மின் மாங் என்னும் பேரரசனால் முற்றும் ஒழிக்கப்பட்டது. அரசு ஒழிந்தும் பூசை ஒழியவில்லை. சாம் நாட்காட்டியின் ஏழாந் திங்களில் நிகழும் காதே விழாவில், மலைவாழ் ராக்லாய் மக்கள் தாம் காத்துவரும் தெய்வத் திருவாடைகளைக் கொண்டுவந்து அளிப்பர். பூசகர் திருக்கதவம் திறந்து, திருவுருவிற்கு நீராட்டி ஆடை அணிவிப்பர். நரம்புக்கருவி இசைத்துத் துதிப்பாடல் பாடுவர். திருமுழுக்கும், ஆடை சாத்தலும், இசையும், நிவேதனமும் என உபசாரங்கள் பல இன்னும் உள.

இனி ஆராயற்பாலது ஒன்றுண்டு. இலிங்கம் அருவுருவத் திருமேனி என்பதும், அதன்கண் வைக்கும் முகம் இறைவனுடையதே என்பதும் சித்தாந்த நூலோர் துணிபு. பதியும் பசுவும் வேறென உணர்ந்தார்க்கு அரசன் ஒருபோதும் பதியாகான். சம்பாவில் அவ்வேறுபாட்டை இடையறாது ஓதியுணர்த்தும் கல்விமரபு அரசின் வீழ்ச்சிக்குப்பின் நிலைக்கவில்லை. அதனால், கிரியை எஞ்சியது. அதன் பொருளை விளக்கும் ஞானநூற் பயிற்சி எஞ்சவில்லை. இதனால் அம்மக்களை இகழ்தல் தகாது. அரசும், மானியமும், ஆசிரியரும் இழந்தும், திருவாடையை மலையிற் காத்து, ஆண்டுதோறும் கதவம் திறக்கும் அவர்தம் அன்பு போற்றத்தக்கதே. எல்லாம் வாய்க்கப்பெற்ற இடங்களில் நூலோதல் குறைந்து பூசை மட்டும் நடைபெறுமாயின், சில நூற்றாண்டுகளின் பின் அங்கு நிற்பது எப்பெயராகும்? நிலைக்கல்லில் எழுத்து நின்றால் மட்டும் போதாது. அதனைப் படித்துப் பொருள் கூறுவோரும் வேண்டும் என்பதனைப் பாண்டுரங்கத்து முகலிங்கம் உணர்த்துகின்றது.