கல்லில் ஏறும் முன்: ஒரு எழுத்தைத் திருத்த எவ்வளவு நாள்?

வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்ட செய்தியைத் திருத்த 15 நிமிடம் தருகிறார்கள். 2023-ல் வந்த வசதி இது. அதற்கு மேல் போனால் பிழையோடு நிற்க வேண்டியதுதான், இல்லாவிட்டால் கீழே இன்னொரு செய்தி போட்டு "மேலே சொன்னது தப்பு" என்று எழுத வேண்டும். சரி, கல்லில் எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? அவர்களுக்கும் இப்படி ஒரு கெடு இருந்ததா?

திருவண்ணாமலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோபுரத்தைப் பார்ப்பார்கள், மலையைப் பார்ப்பார்கள். சுவரைப் பார்க்கிறவர்கள் குறைவு. சோழர் காலம் தொடங்கி, காடவன் கோப்பெருஞ்சிங்கன், இந்த ஊரையே தலைநகராக வைத்திருந்த ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன், கிழக்குக் கோபுரத்தையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் எழுப்பிய கிருஷ்ணதேவராயர் என்று பல நூற்றாண்டுகளின் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. விளக்கெரிக்க ஆடு, நிவேதனத்துக்கு நிலம், நந்தவனத்துக்கு ஆள் என்று பெரும்பாலும் கொடுக்கல் வாங்கல் கணக்குதான். "சந்திராதித்தவல்", அதாவது சந்திரனும் சூரியனும் உள்ள வரை, என்ற சொல் இந்த மாதிரி ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும். அதற்குப் பிறகு திருத்தம் கிடையாது என்றுதானே நமக்குத் தோன்றும்?

ஆனா, கல்லில் ஏறுவது கடைசிப் படி. அதற்கு முன்னால் நடந்ததைப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

நல்ல உதாரணம் ஆனைமங்கலச் செப்பேடு. நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லைடன் செப்பேடு என்றும் சொல்வார்கள். மொத்தம் 21 ஏடுகள். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த ஆவணம். ராஜராஜன் தஞ்சாவூர் மாளிகையில் இருந்தபோது வாயால் சொன்னது 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாள். அது வரிக்கணக்கில் பதிவானது 96ஆம் நாள். நடுவில் நாலு நாள். பெண் யானையை நடக்கவிட்டு ஊர் எல்லையைச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்டு, அறவோலை எழுதியது 23ஆம் ஆண்டின் 163ஆம் நாள். அதாவது இரண்டு வருஷத்துக்கு மேல். செப்பேடாக வெட்டியது அதற்கும் பிறகு, மகன் ராஜேந்திரன் காலத்தில்.

இந்த இடைவெளியில் ஓலை எத்தனை கை மாறியது தெரியுமா? அரசன் வாய்மொழியைக் கேட்டு எழுதுகிறவர் திருமந்திர ஓலை. அதைச் சரிபார்த்து ஒப்பமிடுகிறவர் திருமந்திர ஓலைநாயகம். பிறகு புரவுவரித் திணைக்களம் என்ற வருவாய்த் துறை அதிகாரிகள், வரிப்பொத்தகம் வைத்திருப்பவர்கள், கடைசியில் உள்ளூர் நாட்டாரும் ஊராரும். ஒவ்வொருவர் பெயரும் ஆவணத்திலேயே வருகிறது. நிலத்தின் அளவு தப்பா, எல்லை தப்பா, ஏற்கெனவே வேறு யாருக்காவது போன நிலமா என்று பார்க்க வேண்டியதெல்லாம் ஓலையாக இருக்கும்போதே பார்த்தாக வேண்டும். இத்தனை நாள்தான் கெடு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. உளி விழுவதுதான் கெடு.

உளி விழுந்த பிறகு மாற்ற வேண்டி வந்தால்? இதற்குத் தமிழ்நாட்டின் மிக நல்ல சாட்சி உத்திரமேரூர். முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919-ல், அந்த ஊர்ச் சபை வாரியத் தேர்தலுக்கு விதி போட்டுக் கல்லில் வெட்டியது. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்ததுதான். ஆனால் அங்கே இருப்பது ஒரு கல்வெட்டு இல்லை, இரண்டு. இரண்டே வருஷத்தில், 921-ல், அதே சபை விதியை மாற்றி மறுபடியும் வெட்டியது.

என்ன மாறியது? முதல் விதியில் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். கால் வேலி நிலம் இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டாவதில் ஒரு சலுகை: ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும். கணக்குக் காட்டாதவர்களை ஒதுக்கும்போது அவர்களுடைய உறவினர் யார் யார் என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறது. குடம் காலியாக இருப்பதை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவது, விவரம் தெரியாத சிறுவனை விட்டு ஓலை எடுக்கச் சொல்வது, அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்குவது எல்லாம் படிப்படியாக வருகிறது. இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருப்பதைப் பார்த்தால், நடுவில் யாரோ கைவரிசை காட்டியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முக்கியமான விஷயம் இதுதான்: 919-ஐ அவர்கள் செதுக்கி எறியவில்லை. பழைய விதியும் புதிய விதியும் அதே மண்டபத்துச் சுவரில் இருக்கின்றன. பழையது அழிந்திருந்தால், வயது வரம்பு முதலிலிருந்தே 35-70 என்று நாம் எழுதிக்கொண்டிருப்போம். இரண்டு வருஷத்தில் ஒரு சபை தன் அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

அப்போ சுவரையே இடிக்க வேண்டி வந்தால்? திருமழபாடியில் அதுதான் நடந்தது. அங்குள்ள வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்டச் சொல்லி ராஜராஜன் தன் 28ஆம் ஆண்டில் ஆணையிட்டான். இடிப்பதற்கு முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். கட்டி முடித்து, அந்தப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி வெட்டியது ராஜேந்திரனின் 14ஆம் ஆண்டில். நடுவில் சுமார் பதினான்கு வருஷம் அந்தக் கோயிலின் சொத்து விவரம் முழுக்க ஓலைக்கட்டில் மட்டும் இருந்தது. அந்தப் பதினான்கு வருஷத்தில் ஒரு மாவை இரண்டு மாவாக்குவது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள்!

இதற்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களைக் கற்றளியாக மாற்றியபோது, திருக்கோடிக்காவில் பழைய கல்வெட்டுகளை மறுபடி வெட்டி, "இது பழங்கற்படி" என்று குறிப்பும் சேர்த்தார்கள். பழைய கல்லின் நகல் என்று பொருள். இன்றைக்குத் திருத்திய செய்தியின் ஓரத்தில் "திருத்தப்பட்டது" என்று வருகிறதே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். எழுத்தமைதி பத்தாம் நூற்றாண்டின் கடைசி, சொல்லும் ஆட்சியாண்டு அதற்கு முந்தையது என்று பார்த்துக் குழம்பும் ஆய்வாளரை அந்த ஒரு குறிப்பு காப்பாற்றுகிறது.

எல்லா இடத்திலும் இப்படி ஒழுங்காக நடந்தது என்று சொல்ல வரவில்லை. செதுக்கி அழித்த வரிகள் உண்டு. வேறு சுவருக்குப் போய்த் தலைகீழாக நிற்கும் கற்களும் உண்டு. அந்தப் பயத்தில்தான் பல கல்வெட்டுகளின் முடிவில், இதை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபம் வைத்தார்கள். பூட்டு இல்லாத இடத்தில் சாபம்தான் பூட்டு.

இன்றைக்கு அந்தச் சாபத்துக்குப் பயப்படுகிறவர்கள் இல்லை. 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் கோயில் சுவர்களைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தார்கள். அழுக்கோடு எழுத்தும் போனது. எதிர்ப்பு எழுந்த பிறகே தடை வந்தது. இன்னும் பல ஊர்களில் கும்பாபிஷேகம் என்றால் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு, பெயின்ட், டைல்ஸ். ராஜராஜன் இடிப்பதற்கு முன் படியெடுக்கச் சொன்னான். நாம் அதைக்கூடச் செய்வதில்லை.

திருவண்ணாமலைக்கு ஒரு நல்ல காலம். 1902-ல் கல்வெட்டுத் துறை அங்கே வந்து மைப்படி எடுத்துப் போனது. பாடங்கள் பிறகு தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் அச்சாயின. 1990-ல் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் அந்தக் கோயில் கல்வெட்டுகளைத் தனி நூலாகக் கொண்டுவந்தது. இனி சுவருக்கு எது நடந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிரதி இருக்கிறது.

உங்க ஊர்க் கோயிலுக்கு அந்தப் பிரதி இருக்கா? திருப்பணிக்குப் பாலாலயம் செய்கிற அன்றைக்கே சுவரையும் அடிப்பீடத்தையும் தரைக் கற்களையும் வரிவரியாகப் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள், தொல்லியல் துறைக்கும் ஒரு தகவல் சொல்லிவிடுங்கள். சுண்ணாம்பு வாளி வந்து இறங்கும் வரைதான் நேரம்.