தட்டின் ஓசையை விழுங்கிய கம்பளம்

சிறுவன் தட்டை மேசைமேல் நிறுத்திச் சுண்டிவிடுவான். அது சுழன்று, தளர்ந்து, விளிம்பு மேசையில் கடகடவென்று தட்டி அடங்கும். அதுவரை அவன் தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பான். அடங்கியதும் மறுபடி எடுத்துச் சுண்டுவான். நாள் முழுக்க இதே வேலை.

ஆர்னால்ட் ரிங்கோவர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1978-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இப்படி ஒரு சிறுவன் வருகிறான். அவனை யாரும் அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. மேசைமேல் கம்பளத்தை விரித்துவிட்டார்கள், அவ்வளவுதான். தட்டு சுழன்றது, சத்தம் வரவில்லை. பையன் தட்டைத் தொடுவதை விட்டுவிட்டான். அவன் கண்ணுக்காகச் சுற்றவில்லை, காதுக்காகச் சுற்றினான் என்பது அப்படித்தான் தெரியவந்தது.

நுட்பமான கண்டுபிடிப்புதான். ஒரு குழந்தைக்கு எது பிடிக்கிறது என்பதை இத்தனை துல்லியமாகப் பிடித்தவர்கள், பிடித்த கையோடு அதைப் பறித்தும்விட்டார்கள் என்பதுதான் உறுத்துகிறது. (அடுத்த ஆண்டே ரிங்கோவரின் குழு இதே அறிவைத் திருப்பிப் போட்டது. ஓசை பிடித்த குழந்தைக்கு ஓசையெழுப்பும் விளையாட்டுப் பொருளைக் கொடுத்து விளையாடக் கற்றுக்கொடுத்தார்கள். அதையும் சொல்லிவிடுவது நியாயம்.)

கையை உதறுவது, விரல்களைக் கண்ணுக்கு நேரே அசைத்துப் பார்ப்பது, முன்னும் பின்னுமாக ஆடுவது, தன்னைத்தானே சுற்றுவது, ஒரே சொல்லை முணுமுணுப்பது, சட்டைக் காலரை மெல்லுவது: ஆட்டிசம் உள்ளவர்களிடம் அன்றாடம் காணும் இந்தப் பழக்கங்களுக்கு இன்று ‘ஸ்டிம்மிங்’ என்று பெயர். ஆட்டிசம் இல்லாதவர்கள் மட்டும் சும்மா இருக்கிறார்களா என்ன? கூட்டத்தில் பேனாவை டிக் டிக் என்று அழுத்துபவர், நகம் கடிப்பவர், உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டி ‘காலாட்டாதே, வீட்டுக்கு ஆகாது’ என்று பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் என்று நம்மில் பாதிப்பேர் தேறுவோம். கூடத்து ஊஞ்சலில் மணிக்கணக்காக ஆடிய தாத்தாவை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போனதில்லை. வேறுபாடு அளவில் இருக்கிறது, அழுத்தத்தில் இருக்கிறது; அதைவிட, யார் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

பார்த்தவர்களின் கதை பிரான்ஸிலிருந்து தொடங்கலாம். 1800 ஜனவரியில் தெற்குப் பிரான்ஸின் அவெரோன் பகுதியில், காட்டிலிருந்து ஒரு சிறுவன் ஊருக்குள் வந்தான். வயது பன்னிரண்டு இருக்கலாம். பேச்சில்லை. அவனைப் பாரிஸில் இருந்த காதுகேளாதோர் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள். ‘காட்டு மனிதனை’க் காண நகரமே ஆவலாக இருந்தது; வந்து பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியது. விலங்குக் காட்சிச்சாலையில் கூண்டுக்குள் ஆடும் மிருகம்போல ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறானே என்று முகம் சுளித்தார்கள். பின்னாளில் விக்டர் என்று பெயரிடப்பட்ட அந்தப் பையனுக்கு இருந்தது ஆட்டிசமா, கைவிடப்பட்ட வாழ்க்கையின் விளைவா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கு முன் இறந்தவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவதில் ஆபத்து உண்டு என்பதால் அதை விட்டுவிடலாம்.

இங்கே முக்கியம் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இளம் மருத்துவர் ஜான் இடார் 1801-இல் எழுதிய அறிக்கை. தோட்டத்துத் தொட்டி நீரைக் கண்டதும் பையனின் வெட்டிவெட்டி இழுக்கும் அசைவுகளும் ஓயாத ஆட்டமும் மெல்லத் தணிந்து, அவன் அமைதியாவதை இடார் கவனித்தார். தொட்டி விளிம்பில் அமர்ந்து, காய்ந்த இலைகளை அவ்வப்போது நீரில் போட்டுவிட்டு நீர்ப்பரப்பையே பார்த்துக்கொண்டிருப்பானாம். கண்ணுக்குக் கிடைக்கும் அந்தக் காட்சி அவனை அமைதிப்படுத்துகிறது என்பது அன்றே கண்ணில் பட்டுவிட்டது. பட்டது எழுத்திலும் ஏறியது.

அடுத்த நூற்றாண்டு மனநலக் காப்பகங்களின் காலம். சுவரோரம் ஆடிக்கொண்டிருக்கும் நோயாளி, வேறு வேலையே இல்லாத கூடம், பூட்டிய கதவு. திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் நோயின் அடையாளங்களாகப் பட்டியலில் ஏறின. ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை உருவாக்கிய சுவிஸ் மருத்துவர் யூஜென் பிளாய்லர்கூட அதை ஸ்கிட்ஸோஃப்ரீனியா நோயாளிகளைக் குறிக்கவே பயன்படுத்தினார்.

அந்தச் சொல் குழந்தைகளிடம் வந்து சேர்ந்தது 1943-இல். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கானர், பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தின் பிறப்புச் சான்றிதழ். அதில் முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட். மிஸிஸிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரன். அவனுடைய அப்பா ஒரு வழக்கறிஞர். மகனைப் பற்றித் தட்டச்சில் 33 பக்கம் மருத்துவருக்கு அனுப்பினார். இரண்டு வயதிலேயே பாத்திரம், கட்டை என்று உருண்டையாக எது கிடைத்தாலும் தரையில் சுழலவிட்டு, அது சுழல்வதைக் கண்டு துள்ளித் துள்ளிக் குதிப்பானாம் டொனால்ட். விரல்களைக் காற்றில் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டுவான், தலையை இடவலமாக அசைப்பான்.

கானரும் அந்தக் குழந்தைகளின் பரவசத்தைப் பார்த்தார், எழுதினார். கூடவே அக்காலத்து மனநல மருத்துவத்துக்கே உரிய பாலியல் விளக்கம் ஒன்றையும் ஒட்டவைத்தார். அதை யாரும் இப்போது பொருட்படுத்துவதில்லை. ஆனால் 1945-இல் அவர் நேரில் போய்ப் பார்த்த ஒரு காட்சி பொருட்படுத்த வேண்டியது.

டொனால்டை 1942-இல் ஊருக்குச் சற்றுத் தள்ளி ஒரு பண்ணைத் தம்பதியிடம் விட்டிருந்தார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். பையன் எதையாவது அளந்துகொண்டே இருக்கிறானா? கிணறு தோண்டச் சொல்லி ஆழத்தை அளந்து சொல்லவைத்தார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கி வருகிறானா? தோட்டத்தில் ஒரு மூலையை ஒதுக்கி மயானம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவன் ஒவ்வொன்றையும் புதைத்துப் பெயர் எழுதி நட்டான். சோளக் கொல்லையின் வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறானா? ஏர் ஓட்டிக்கொண்டே எண்ணட்டும் என்றார்கள். கானர் போனபோது பையன் குதிரையைப் பிடித்து நீளமான ஆறு வரிசைகளை உழுது காட்டினான். எந்தப் பழக்கத்தையும் அவர்கள் அழிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். சிகிச்சை வரலாற்றில் இதற்குப் பெயர் கிடையாது, பாடப்புத்தகத்தில் இடமும் கிடைக்கவில்லை.

இடம் கிடைத்தது வேறொருவருக்கு. லாஸ் ஏஞ்சலிஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஓலே ஐவார் லோவாஸ், 1965-இல் ஐந்து வயது இரட்டையர்களை மின்கம்பி பதித்த தரையில் வெறுங்காலுடன் நிறுத்தினார். பகலில் பெரும்பகுதியை ஆடுவதிலும் கையசைப்பதிலும் கழித்த பிள்ளைகள். ஆடினால் ‘ஷாக்’. பெரியவர் அழைத்ததும் போய் ஒட்டிக்கொண்டால் ஷாக் நிற்கும். அதே ஆண்டு ‘லைஃப்’ வார இதழ் லோவாஸின் சிகிச்சைக் கூடத்தைப் புகைப்படங்களோடு வெளியிட்டது. குழந்தைகளை அறைவதும் படத்தில் இருந்தது. இன்றைய கண்ணுக்குத் திகைப்பாக இருக்கும். அன்றைக்கு இந்தக் குழந்தைகளுக்கு இருந்த மாற்று, வாழ்நாள் முழுக்கக் காப்பகம். லோவாஸை நம்பிய பெற்றோர் கொடியவர்கள் அல்லர்.

ஸ்டிம்மிங்கை ஏன் ஒழிக்க வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன காரணம் 1971-ஆம் ஆண்டு ஆய்வில் இருக்கிறது. ஓசை கேட்டால் எழுந்துபோய்த் தின்பண்டம் எடுக்கக் குழந்தைகளைப் பழக்கினார்கள். ஆடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதே ஓசையை எழுப்பினால் குழந்தை தாமதமாக எழுந்தது. ஆக, ஆட்டம் கற்றலைத் தடுக்கிறது என்று முடிவு கட்டினார்கள். புதினத்தில் மூழ்கியவரைக் கூப்பிட்டாலும் தாமதமாகத்தான் திரும்புவார் என்று அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1987-இல் லோவாஸின் பெயர் உலகெங்கும் பரவியது. வாரத்துக்கு 40 மணிநேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் தேறிவிட்டார்கள் என்று அறிவித்தார். அந்தப் பயிற்சியில் உரத்த ‘நோ’வும் தொடையில் அடியும் இருந்தன. அதே 1987-இல் இன்னொரு கட்டுரையும் வந்தது. இந்த அசைவுகள் தரும் புலனுணர்வே குழந்தைக்குப் பரிசு, அதனால்தான் அவை நிற்பதில்லை என்று லோவாஸும் இரு சகாக்களும் வாதிட்டிருந்தார்கள். இடார் தொட்டிக்கரையில் பார்த்ததற்கு வெகு அருகில் வந்துவிட்ட வாதம். வந்தும், தடுக்கும் கை இறங்கவில்லை.

அடியும் ஷாக்கும் பெரும்பாலான இடங்களில் மெல்ல விலகின. அவற்றின் இடத்தில் ஒரு கட்டளை வந்து உட்கார்ந்தது: கை அசைந்தால் ‘அமைதியான கைகள்’ என்று சொல்லி, கையைப் பிடித்து மடியில் வைப்பது. நம் வகுப்பறைகளின் ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’வுக்கு அமெரிக்கத் தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி வளர்ந்த ஜூலியா பாஸ்கம் 2011-இல் அந்தக் கட்டளையையே தலைப்பாக்கிக் கட்டுரை எழுதினார். மறு ஆண்டு ஆட்டிஸ்டிக் மனிதர்களே எழுதிய தொகுப்பு ஒன்றைப் பதிப்பித்து, அதற்கு ‘உரத்த கைகள்’ என்ற பொருளில் பெயர் வைத்தார்.

உள்ளிருந்து எழுதியவர்களில் அவர் முதலாமவர் அல்லர். டெம்பிள் கிராண்டின் சிறுமியாக இருந்தபோது கடற்கரையில் மணலை விரலிடுக்கில் வழியவிட்டு ஒவ்வொரு மணியாகப் பார்த்துக்கொண்டிருந்ததை எழுதினார். ஆஸ்திரேலியாவின் டோனா வில்லியம்ஸ் 1992-இல் தன் வாழ்க்கைக் கதையின் கடைசியில், தன் பழக்கங்களுக்கு ஓர் அகராதியே சேர்த்தார்: கண் சிமிட்டுவது எதற்கு, விளக்கை அணைத்து அணைத்துப் போடுவது எதற்கு என்று. 1993-இல் டொரண்டோ மாநாட்டில் ஜிம் சின்க்ளேர் பெற்றோரைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்றார். அவரும் தோழர்களும் 1996-இல் தொடங்கிய ஆண்டு முகாமில், ஆடினாலும் உதறினாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிகிச்சைக் கூடங்களின் குறுஞ்சொல்லாக இருந்த ‘ஸ்டிம்’ இவர்கள் வாயில்தான் வசைத்தன்மை நீங்கிச் சாதாரணச் சொல்லானது.

இவற்றில் நமக்கு மிக அருகில் நிற்பது மைசூரிலும் பெங்களூரிலும் வளர்ந்த டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய் எழுதியது. அதிகம் பேசவராத அந்தச் சிறுவனுக்குத் தன் உடம்பு சிதறிக் கிடப்பதாகவே தோன்றுமாம். கை ஓரிடம், கால் ஓரிடம். ஒருநாள் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தான். நிற்கும்போது தனித்தனியாக இருக்கும் இறக்கைகள், வேகமாகச் சுற்றும்போது ஒரே வட்டமாகச் சேர்ந்துவிடுகின்றன. அவனும் சுற்ற ஆரம்பித்தான். சிதறியதைச் சேர்க்க. வெளியிலிருந்து எத்தனை மணிநேரம் பதிவுசெய்தாலும் இந்தக் காரணம் எந்த ஆய்வாளருக்கும் கிடைத்திருக்காது.

2007-இல் மெல் பாக்ஸ் வெளியிட்ட காணொளியும் இந்த வரிசைதான். முதல் சில நிமிடங்கள் சொல்லே இல்லை. ஆட்டம், முனகல், குழாயடியில் ஓடும் நீருக்குள் விரல்கள். பிறகு கணினிக் குரல் வருகிறது, இது வெறும் அசைவு அல்ல, சுற்றியுள்ள ஒவ்வொன்றோடும் நடக்கும் உரையாடல் என்று.

ஆய்வுலகம் கேட்டுக்கொள்ள இன்னும் சில ஆண்டுகள் ஆயின. மனநலக் கோளாறுகளுக்கான அமெரிக்கக் கையேட்டின் 2013 பதிப்புதான் ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றின் மிகையுணர்வையும் குறையுணர்வையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்தது. ஸ்டீவன் காப் குழுவினர் 2019-இல் 32 ஆட்டிஸ்டிக் பெரியவர்களிடம் பேசி எழுதிய ஆய்வில், பெரும்பாலோர் சொன்னது ஒன்றே: தாங்கமுடியாத சத்தமும் எண்ணமும் உணர்ச்சியும் பெருகும்போது இது எங்களை நிலைநிறுத்துகிறது, ஊரார் பார்வைக்கு அஞ்சித்தான் அடக்கிக்கொள்கிறோம். தலையைச் சுவரில் மோதுவது, கையைக் கடிப்பது போன்று காயம் உண்டாக்கும் செயல்கள் தனி வகை. அவற்றுக்கு உதவி தேவை என்பதில் இந்தத் தரப்பிலும் பெரிய மறுப்பில்லை. எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கட்டியதுதான் பழைய பிழை.

இடையில் 2017-இல் ‘ஃபிட்ஜெட் ஸ்பின்னர்’ மோகம் வந்தது. விரலில் வைத்துச் சுண்டினால் சுழலும் பொம்மை. உலகம் முழுக்கப் பிள்ளைகள் சுழற்றித் தள்ளினார்கள். டொனால்ட் பாத்திரத்தைச் சுழற்றினால் நோய், மற்றவர் சுழற்றினால் வியாபாரம். சில மாதங்களில் பல பள்ளிகள் அதைத் தடைசெய்தன. தேவைக்காக வைத்திருந்த குழந்தையும் அதோடு சேர்ந்து இழந்தது.

ஷாக் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு உறைவிடப் பள்ளி, தம்மைத்தாமே காயப்படுத்துவோரையும் பிறரைத் தாக்குவோரையும் கட்டுப்படுத்தவென்று தோலில் மின்னதிர்ச்சி தரும் கருவியை வைத்திருந்தது. 2013-இல் ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான சிறப்பு அறிக்கையாளர் அதைக் கண்டித்தார். 2020-இல் அமெரிக்க அரசு தடை விதித்தது. 2021-இல் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2022 இறுதியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி வழிவிட, 2024-இல் தடையை மறுபடி முன்மொழிந்தார்கள்.

டொனால்ட் டிரிப்லெட் கல்லூரி முடித்து, குடும்பத்துக்குச் சொந்தமான வங்கியில் வேலை பார்த்து, பல நாடுகளைச் சுற்றிவந்து, ஃபாரஸ்டிலேயே வாழ்ந்தார். தினமும் கோல்ஃப். பந்தை அடிக்குமுன் விரல்களை நாக்கில் நனைப்பார், மட்டையைத் தலைக்குமேல் கொடிபோல உயர்த்துவார், பின்னுக்கு நாலைந்து முறை இழுத்து இழுத்துப் பார்ப்பார், அடித்தபின் முழங்காலை மடக்கி மடக்கி நிமிர்வார். மைதானத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவரைத் தேடி வந்த பத்திரிகையாளர்களைத்தான் ஊர்க்காரர்கள் எச்சரித்தார்கள், எங்கள் டானுக்கு ஏதாவது தொந்தரவு என்றால் நடப்பதே வேறு என்று. 2023 ஜூன் 15 அன்று, 89 வயதில் காலமானார். கடைசிவரை, தனக்குப் பிடித்தவர்கள்மேல் ரப்பர் பேண்ட் சுண்டிவிடுவது அவர் வழக்கம்.