விலாங்கும் யூதர் வழக்கமும்

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் அன்பர்கள், பாலாறு காவிரியோடு கலக்கும் இடத்தைக் கடந்தே மலையேறுவர். 1956-ஆம் ஆண்டு வரை இம்மலை கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாநில எல்லைகள் திருத்தப்பெற்றபோது மைசூரைச் சேர்ந்தது. இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது.

காவிரி மீன்களுள் ஒன்று விலாங்கு. கடலிலே பிறந்து, ஆற்றில் எதிரேறி வந்து நன்னீரில் வளர்ந்து, முட்டையிடுவதற்கு மீண்டும் கடலையே நாடிச் செல்லும் இயல்பினது அது. 1934-இல் முடிவுற்ற மேட்டூர் அணை அதன் வழிக்குப் பெருந்தடையாயிற்று. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது என்று விலாங்கைப் பழித்தாலும், மீனுண்ணும் நம்மவர் பலர் அதனை உணவாகவே கொண்டனர்.

யூதர்களோ அதனை உண்பதில்லை. துடுப்பும் செதிலும் ஒருங்கே உடைய மீனே உண்ணத்தக்கது என்பது அவர்தம் மறைநூலாகிய லேவியராகமத்தின் விதி. விலாங்குக்குத் துடுப்பு உண்டு, செதிலும் உண்டு. ஆயினும் அச்செதில் மிக நுண்ணியதாய்த் தோலினுள் புதைந்து கிடப்பது. தோல் கிழியாமல் பெயர்த்தெடுக்கக் கூடியதே செதில் எனப் 13-ஆம் நூற்றாண்டு அறிஞர் நக்மானிடிஸ் விளக்கினார். ஆதலின் விலாங்கு விலக்கப்பட்ட மீனாயிற்று.

இவ்விதியின் வலிமையை நம் நாட்டிலேயே காணலாம். கொங்கணக் கரையில் குடியேறிய பெனே இஸ்ரேல் என்னும் யூதர், மராத்தி பேசி, எண்ணெய் ஆட்டி வாழ்ந்தனர். சனிக்கிழமையன்று செக்கோட்டாமையால் ‘சனிவார் தேலி’ என அழைக்கப்பெற்றனர். எபிரேய மொழியைப் பெரும்பாலும் மறந்துவிட்டனர். தாவீது ரகாபி என்னும் யூதர் அங்கு வந்து, பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னார் என்றும், பெண்கள் செதிலில்லா மீன்களை ஒதுக்கி வைத்ததைக் கண்டு, இவர் தம்மினத்தவரே எனத் தெளிந்தார் என்றும் அவர்தம் மரபுரை கூறும். பின்னர்க் கொச்சி யூதர் அவர்களுக்கு வழிபாட்டு முறைகளைக் கற்பித்தனர். 1796-இல் பம்பாயில் அவர்தம் முதல் தொழுகைக்கூடம் எழுந்தது.

நூலும் மொழியும் நழுவிய காலத்தும் அச்சமூகத்தின் அடையாளத்தை அடுக்களை காத்து நின்றது. ஆயினும், காத்ததன் பொருளை உணர்த்தக் கல்வியே வரவேண்டியதாயிற்று. பிற மாநிலங்களில் வாழும் நாம், பொங்கலும் புளிக்குழம்பும் நம் வீட்டில் நிலைத்திருப்பது கண்டு மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சியோடு அமையாது, தமிழெழுத்தையும் நம் மக்களுக்குக் கற்பிப்போமாக.