மேற்கே முகம் வைத்த தண்டவாளம்

எங்க பாட்டா முதன்முதலா ரயில் ஏறினது ரெண்டு பிள்ளைகள் பிறந்த பிறகுதான். அதுவும் நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய், அங்கே ஏறினார். அந்தக் காலத்தில் நாஞ்சில் நாட்டுக்காரன் ரயிலைக் கண்ணால் பார்க்கணும்னா ஒன்று கிழக்கே திருநெல்வேலி, இல்லைன்னா மேற்கே திருவந்திரம். மெட்ராஸில் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலே 1931-ல் ஓட ஆரம்பிச்சாச்சு. நமக்கு ரயில் வந்தது 1979-ல்!

ரயில்வே கணக்கில் நாகர்கோவில் - திருவனந்தபுரம் பாதைக்குப் புறநகர்ப் பாதை என்ற பட்டம் கிடையாது. ஆனால் காலை பாசஞ்சரில் ஒருநாள் ஏறிப் பாருங்கள். சீசன் டிக்கெட்டுக்காரர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்திருக்கும் வயசானவர்கள். ஒரே பெஞ்சில் தமிழும் மலையாளமும், ரெண்டும் கலந்த விளவங்கோட்டுப் பேச்சும் கேட்கும். என் கண்ணுக்கு இது திருவனந்தபுரத்தின் புறநகர் வண்டிதான். தமிழ்நாட்டு மாவட்டத் தலைநகர் ஒன்றிலிருந்து கிளம்புகிறது, அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு தாமதம்? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாளா அரித்துக்கொண்டிருந்தது. திருநெல்வேலிக்கு 1876-லேயே ரயில் வந்துவிட்டது. அங்கிருந்து ஆரல்வாய்மொழி வரை கிட்டத்தட்டச் சமதளம். ஆரல்வாய்மொழியில் மலையே விலகி நின்று வழி விடுகிறது. காற்றுக்குத் திறந்த வாசல் அது. ஆனால் திருவிதாங்கூரின் முதல் ரயில் 1904-ல் வந்தபோது இந்த வாசலை விட்டுவிட்டு, வடக்கே ஆரியங்காவுக் கணவாயில் மலையைக் குடைந்து, பதிமூன்று கண் பாலமும் கட்டி, செங்கோட்டையையும் கொல்லத்தையும் இணைத்தது.

காரணம் வியாபாரம்தான் என்று நினைக்கிறேன். கொல்லம் துறைமுக நகரம், சமஸ்தானத்தின் வணிகக் கேந்திரம். போகிற வழியில் மலைத்தோட்டங்களும் காட்டு மரமும். நாஞ்சில் நாட்டில் என்ன இருந்தது? நெல். அது எப்படியும் மாட்டு வண்டியில் சாலைக் கம்போளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதுக்கு ரயில் எதுக்கு?

கொல்லத்திலிருந்து பாதை 1918-ல் திருவனந்தபுரத்தின் சாக்கை வரை வந்தது. 1931-ல் தம்பானூர். அங்கே நின்றது நின்றதுதான். நாகர்கோவில் இன்னும் 71 கிலோமீட்டர்.

நடுவில் இந்த வழியில் போக்குவரத்து இல்லாமல் இல்லை. பத்மநாபபுரத்திலிருந்து தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறினதிலிருந்து, நவராத்திரிக்கு சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், வேளிமலை முருகனும், பத்மநாபபுரம் தேவாரக்கெட்டு சரஸ்வதியும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுவது வழக்கம். சாமி போய்வருகிற வழியில் பிறகு பஸ் வந்தது. 1938-ல் திருவிதாங்கூர் அரசே பேருந்து விடத் தொடங்கியபோது கையில் எடுத்த முதல் வழிகளில் ஒன்று இந்தக் குமரிச் சாலை. 1860-ல் தொடங்கின அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயும் இதே நோக்கத்தில் வெட்டியதுதான்: படகிலேயே கன்னியாகுமரி வரை வந்துவிடணும் என்று. பாதியில் நின்றுபோனது. (ஏ.வி.எம். கால்வாய்க்குத் தனிக் கட்டுரையே எழுதணும். பத்மநாப சாமிக்கு ஒரு பேர், இங்கிலாந்து ராணிக்கு ஒரு பேர், மகாராஜாவுக்கு ஒரு பேர், தண்ணிதான் இல்லை.)

1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. செங்கோட்டையும் வந்தது. அதாவது, திருவிதாங்கூர் ரயில் நுழைந்த வாசல் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது, ரயிலே இல்லாத நாங்களும் வந்துவிட்டோம். அதன் பிறகும் நாகர்கோவிலுக்கு ரயில் வர 23 வருஷம். நேசமணி மறைந்த பிறகு, 1969 இடைத்தேர்தலில் காமராஜர் நாகர்கோவில் எம்.பி. ஆனார், 1971-லும் அவரே. 1972-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். பாதை திறந்தது 1979 ஏப்ரலில். அப்போது காமராஜர் உயிரோடு இல்லை; தொகுதி குமரி அனந்தன் கையில் இருந்தது. திருவனந்தபுரம் முதல் கன்னியாகுமரி வரை 87 கிலோமீட்டர், அகலப்பாதை.

இந்த ‘அகலப்பாதை’ என்ற சொல்லில்தான் முழு விஷயமும் இருக்கிறது. எறணாகுளம் - திருவனந்தபுரம் பாதையை மீட்டர் கேஜிலிருந்து அகலப்பாதையாக மாற்றி 1976-ல் முடித்திருந்தார்கள். புதுப் பாதை அதன் தொடர்ச்சியாக அகலமாகவே வந்தது. ரெண்டு வருஷம் கழித்து, 1981 ஏப்ரலில், நாகர்கோவில் - திருநெல்வேலியும் திறந்தது, அதுவும் அகலம். ஆனால் மெட்ராஸிலிருந்து மதுரை வழியாக திருநெல்வேலி வருகிற பழைய பாதை அப்போது மீட்டர் கேஜ். ஆக, நாகர்கோவிலில் ஏறி உட்கார்ந்தால் மேற்கே எறணாகுளம் தாண்டியும் போகலாம். நம்ம தலைநகருக்குப் போகணும்னா திருநெல்வேலியில் பெட்டி படுக்கையோடு இறங்கி வண்டி மாறணும். தாசில்தார் ஆபீஸ் கோப்பு கிழக்கே போயிற்று, தண்டவாளம் மேற்கே முகம் வைத்து நின்றது.

1979 அக்டோபர் 2-ல் மதுரைக் கோட்டத்திலிருந்து பிரித்து திருவனந்தபுரம் கோட்டம் உண்டாக்கினார்கள். குமரி மாவட்டப் பாதை அதில் போயிற்று. வள்ளியூர், நாங்குநேரி கூட அதில்தான். இதை மதுரையோடு சேர்க்கணும் என்ற கோரிக்கை இன்றைக்கும் உண்டு. எனக்கு அதில் பாதி சம்மதம். நம்ம ஊருக்கு எந்த வண்டி நிற்கணும் என்பதை இன்னொரு மாநிலத்தின் தலைநகரில் இருந்து முடிவு செய்கிறார்கள் என்ற வருத்தம் நியாயமானது. அதே நேரம் பள்ளியாடியிலும் குழித்துறையிலும் தினம் ஏறுகிறவனுக்கு திருவனந்தபுரம்தான் வேலை, ஆஸ்பத்திரி, சந்தை எல்லாமே. புற்றுநோய்க்கு ஆர்.சி.சி. என்றால் இங்கே விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பாதை ஒற்றை. ரெண்டு நிலையங்களுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். எதிரே எக்ஸ்பிரஸ் வந்தால் பாசஞ்சர் ஏதாவது ஒரு நிலையத்தில் பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கிக் காத்திருக்கணும். பின்னால் நெடுந்தூர வண்டி வந்தாலும் அப்படித்தான். காஷ்மீரத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவனும் பாறசாலையில் வேலைக்குப் போகிறவனும் ஒரே கம்பிமேல்தான் போகணும். போதாக்குறைக்கு நாகர்கோவில் சந்திப்பில் திருவனந்தபுரம் பாதையும் திருநெல்வேலிப் பாதையும் ஒரே பக்கமாக வந்து சேர்கின்றன. நடுவே கடந்து போகிற வண்டிக்கு எஞ்சினை முன்பின் மாற்றணும். அதைத் தவிர்க்கத்தான் டவுண் ஸ்டேஷன் வழியாக இணைப்பு.

அம்மாவை மருத்துவத்துக்குக் கூட்டிப்போன நாட்களில் இந்தக் காத்திருப்பு எனக்கு நன்றாகப் பழக்கம். ஒருநாள் வண்டி ஒதுங்கி நின்றது. மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும். எதிர் சீட்டில் இருந்த நெய்யாற்றின்கரை அம்மச்சி பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்து, பாதியை அம்மா கையில் வைத்தாள். “எந்தா அசுகம்?” என்று கேட்டாள். அம்மா தமிழில் சொன்னாள். அவளுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. எக்ஸ்பிரஸ் கடந்து போகும்வரை ரெண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் இரட்டைப் பாதை 2024-ல் முடிந்துவிட்டது. மேற்குப் பக்கம் வீடும் தோப்பும் நெருக்கியடித்த பூமி. நிலம் எடுப்பதும் செம்மண் மேட்டை வெட்டுவதும் லேசில்லை. 2021 நவம்பர் மழையில் மண் சரிந்து விழுந்து இந்தப் பாதையே நின்றுபோனது நினைவிருக்கும். போன வாரம் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பழைய தண்டவாளத்துக்குப் பக்கத்தில் புதுசாகக் கொட்டின மண். ஆடு ஒன்று அதன்மேல் ஏறி நின்று எங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.