கற்பனை உலகங்களின் படைப்புத் தொன்மங்கள்: பெகானா முதல் ஆர்தா வரை

ஒரு மக்கள் கூட்டம் தான் வாழும் உலகம் எவ்வாறு தோன்றியது என்பதைத் தெய்வங்களின் செயலாக எடுத்துரைக்கும் கதையே படைப்புத் தொன்மம் எனப்படுகிறது. இன்னார் இயற்றியது என்று சுட்ட இயலாதபடி பல தலைமுறைகளின் வாய்வழியே வருவது அதன் அடிப்படை இயல்பு. ஆனால் தனியொரு எழுத்தாளர் எங்குமே இல்லாத ஓர் உலகைக் கற்பித்துக்கொண்டு, அதற்குரிய தெய்வங்களையும் தோற்றக் கதையையும் தாமே எழுதிவைக்கும் வழக்கம் ஒன்று ஐரோப்பிய இலக்கியத்தில் கிளைத்து, 20ஆம் நூற்றாண்டில் மிகுபுனைவின், அதாவது நடப்புலகின் விதிகளுக்கு உட்படாத உலகங்களைப் பாடும் கதைவகையின், நிலையான உறுப்பாயிற்று. நூலில் முதலிடம் பெறும் இத்தோற்றக் கதைகள், எழுதப்பட்ட வரிசையில் பெரும்பாலும் பிந்தியவை என்பதும், உலகம் முதலில் உருவாகி அதன் தொடக்கம் பின்னர் தேடப்பட்டது என்பதும் இவ்வழக்கத்தின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன.

முன்னோடியாக ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கைச் சுட்டுவது ஆய்வாளர் மரபு. லண்டனில் செப்புத் தகடுகளில் எழுத்தும் ஓவியமுமாகத் தம் கையாலேயே பொறித்து அவர் 1794இல் வெளியிட்ட 'யூரிசனின் முதல் நூல்', விவிலியத்தின் ஆதியாகமத்தைத் தலைகீழாக்கி, படைப்பு என்பதையே பிளவும் வீழ்ச்சியுமாகக் காட்டுகிறது. ஆயினும் பிளேக் வேறோர் உலகைக் கற்பிக்கவில்லை. இந்த உலகின் மெய்யான வரலாறு இதுவே என்று அறிவிக்கும் தீர்க்கதரிசியின் குரலில்தான் எழுதினார் என்பதால், அவரை இவ்வழக்கத்தின் தந்தை எனக் கொள்வதைவிடத் தொலைவான பாட்டனார் எனக் கொள்வதே பொருந்தும். அவரைவிட நேரடியான விளைவை ஏற்படுத்தியவர் பின்லாந்தின் மாவட்ட மருத்துவர் எலியாஸ் லோன்ரோட். கரேலிய நிலப்பகுதியின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டிக் கோத்து 'கலேவலா' என்னும் காப்பியமாக 1835இலும், பெரிதும் விரித்து 50 பாடல்களாக 1849இலும் அவர் வெளியிட்டார். முதற்பதிப்பில் கடலில் மிதக்கும் வைனமொய்னன் என்னும் முதுபாவலனின் முழங்காலில் பறவை முட்டையிட, உடைந்த ஓடுகளிலிருந்து மண்ணும் வானும் தோன்றுகின்றன. இரண்டாம் பதிப்பிலோ அந்த முழங்கால் அவனுடைய தாயாகிய இல்மதார் என்னும் நீரன்னைக்கு உரியதாகிவிடுகிறது. மக்கள் மரபிலிருந்து வந்த படைப்புக் கதைகூடத் தொகுப்பாசிரியரின் கையில் இடம் மாறி அமரக்கூடியது என்பதை 14 ஆண்டு இடைவெளியில் வந்த இவ்விரு பதிப்புகளும் காட்டிவிட்டன.

மரபு எதையும் சாராமல் தெய்வக் கூட்டம் ஒன்றை முழுமையாகத் தாமே கற்பித்தவர் அயர்லாந்துப் பிரபு டன்சனி. இவர் தம் செலவிலேயே 1905இல் வெளியிட்ட, சிட்னி சைம் என்பவரின் ஓவியங்களைக் கொண்ட 'பெகானாவின் தெய்வங்கள்' என்னும் சிறுநூலில், ஊழும் தற்செயலும் தம்முள் சூதாட, வென்றது எதுவென்று எவரும் அறியாத நிலையில், வென்றவர் கேட்டுக்கொண்டபடி மானா-யூத்-சூஷாய் என்னும் முதற்கடவுள் சிறுதெய்வங்களைப் படைத்துவிட்டு உறங்கிப்போகிறார். ஸ்கார்ல் என்னும் முரசறைவோன் ஓயாது கொட்டும் முரசொலியே அந்த உறக்கத்தைக் காக்கிறது. உலகங்கள் யாவும் அந்த இடைவேளையில் சிறுதெய்வங்கள் பொழுதுபோக்காகச் செய்தவை. முரசு நின்று முதற்கடவுள் விழித்தால் தெய்வங்களும் இரா, உலகங்களும் இரா. பழைய ஆங்கில விவிலியத்தின் நடையை ஏற்று, நம்பிக்கையின்மையை அதில் வார்த்த இந்நூலின் துணிவு இன்றும் வியப்பூட்டுவதே. ஆனால் டன்சனி தொடக்கத்திலிருந்தே தொடங்கினார். அவருடைய தெய்வங்களுக்குக் கீழே தமக்கென மொழிகளும் தலைமுறைகளும் கொண்ட உலகம் இன்னும் இல்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த 'காலமும் தெய்வங்களும்' என்னும் தொகுதிக்குப் பிறகு அவர் இத்தெய்வங்களைப் பெரும்பாலும் கைவிட்டு வேறு கதைகளுக்கு நகர்ந்தார் என்பது, அடியில் உலகமில்லாத தோற்றக் கதை நெடுநாள் நிற்பதில்லை என்ற எண்ணத்துக்கு இடம் தருகிறது.

ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கின் சென்ற வழி இதற்கு நேர்மாறானது. பள்ளி நாட்களிலேயே கலேவலாவை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, ஆக்ஸ்ஃபோர்டில் பின்னிய மொழி இலக்கணத்தைப் பயில முயன்ற அவர், முதலில் உருவாக்கியது ஒரு மொழி. 1915 அளவில் அதற்கு ஒரு சொற்றொகுதியும் எழுதத் தொடங்கியிருந்தார். 1916இல் பிரான்சின் சோம் போர்க்களத்திலிருந்து அகழிக் காய்ச்சலோடு, அதாவது பேன்களால் படைவீரரிடையே பரவிய தொற்றுக் காய்ச்சலோடு, நாடு திரும்பிய பிறகு, கோண்டோலின் என்னும் மறைநகரின் வீழ்ச்சியைக் கதையாக எழுதினார். நகரம் அழிந்த பிறகுதான் அந்நகரம் நின்ற உலகம் எப்படிப் பிறந்தது என்ற கேள்விக்கு அவர் வந்தார் எனலாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அலுவலகத்தில் 'டபிள்யூ' எழுத்தில் தொடங்கும் சொற்களின் வரலாற்றை ஆய்ந்துகொண்டிருந்த காலத்தில், அதாவது முதல் உலகப் போர் முடிந்ததை ஒட்டிய ஓரிரு ஆண்டுகளில், 'ஐனூரின் இசை' என்னும் படைப்புக் கதையைத் தாம் எழுதியதாகப் பிற்காலக் கடிதம் ஒன்றில் அவரே குறிப்பிட்டுள்ளார்.

பின்னர் 'ஐனுலிந்தலே' என்று பெயர் பெற்ற இக்கதையின்படி, இலூவதார் என்னும் ஒரே இறைவன் தன் எண்ணத்திலிருந்து ஐனூர் என்னும் தூய ஆவிகளைத் தோற்றுவித்து, இசைப்பொருள் ஒன்றை அவர்களுக்கு அறிவித்து, அதை விரித்துப் பாடுமாறு பணிக்கிறான். அவர்களுள் ஆற்றலால் மிக்க மெல்கோர் தனக்கென ஒரு பாட்டை எழுப்ப, பேரிசையில் முரண் புகுகிறது. முரண் எழுந்தபோது இறைவன் பாட்டை நிறுத்திவிடாமல் இரண்டாம், மூன்றாம் இசைப்பொருள்களை எழுப்பி, முரணின் வெற்றிக் கூச்சலையே தன் இசைக்குள் வாங்கிக்கொள்கிறான் என்பதில்தான் இக்கதையின் உயிர் இருக்கிறது. மெல்கோர் கடுங்குளிரைக் கொண்டு நீரைக் கெடுக்க நினைத்தபோது பனித்துகளின் அழகு பிறந்தது. வெம்மையால் கெடுக்க நினைத்தபோது மேகமும் மழையும் பிறந்தன. நீரின் தலைவனாகிய உல்மோவுக்கு இதை இறைவன் எடுத்துச் சொல்லும் பகுதி, தீமையின் தோற்றம் பற்றிய இறையியல் வாதத்தைப் பருவநிலையின் காட்சியாக மாற்றிவிடுகிறது. உறுதியான கத்தோலிக்கரான டோல்கின், பல தெய்வங்களைக் கொண்ட வடபுலத் தொன்மங்களின் அழகையும் ஒரே படைப்போன் என்னும் தம் சமயக் கொள்கையையும் ஒருங்கே காத்துக்கொள்ள இவ்வமைப்பு வழிசெய்தது. கோள்களின் இயக்கத்தில் இசையைக் கண்ட போயத்தியசின் 6ஆம் நூற்றாண்டு இசைக் கோட்பாடும், படைப்பின்போது விண்மீன்கள் பாடியதாகக் கூறும் விவிலியத்தின் யோபு நூலும் இதன் பின்புலத்தில் உள்ளன.

முதல் வடிவத்தில் இசை முடிந்ததும் உலகம் உண்மையாகவே இருந்தது. பிந்திய வடிவங்களிலோ இசை முதலில் வெறும் காட்சியாகத் தோன்றி மறைய, இறைவனின் ஒற்றை ஆணையால் மட்டுமே அது உண்மைப் பொருளாகிறது. உலகுக்குள் இறங்கிய ஐனூர், தாம் கண்ட காட்சி இன்னும் நிகழவில்லை என்பதையும், பாடியதைப் பாடுபட்டுச் செய்ய வேண்டும் என்பதையும் உணர்கிறார்கள். இறைவனின் படைப்பிலிருந்து மனிதக் கலைஞனின் ஆக்கத்தை வேறுபடுத்தி, அதைத் துணைப்படைப்பு என்று டோல்கின் பெயரிட்டு விளக்கிய சொற்பொழிவு, 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. ஐனூரின் நிலை இக்கோட்பாட்டின் கதைவடிவம் எனலாம்.

எனினும் வானியல் அவரை நிம்மதியாக விடவில்லை. அவரது தொன்மத்தில் ஆர்தா எனப்படும் அவ்வுலகம் தொடக்கத்தில் தட்டையானது. கதிரவனும் நிலவும் இரு ஒளிமரங்களின் கடைசிக் கனியிலிருந்தும் பூவிலிருந்தும் பின்னாளில் செய்யப்பட்டவை. 1940களின் நடுவில், கதிரவன் முதலிலிருந்தே ஒளிர்வதும் உலகம் உருண்டையாக இருப்பதுமான மாற்று வடிவம் ஒன்றை எழுதினார். இரு வடிவங்களையும் 1948இல் கேதரின் ஃபேரர் என்னும் எழுத்தாளரிடம் படிக்கக் கொடுத்தபோது, அவர் தட்டை உலகையே விரும்பினார். டோல்கினும் அப்பொழுதைக்கு அதற்கே திரும்பினார். ஆனால் 1950களின் பிற்பகுதியில், தெய்வங்களிடமே பாடம் கேட்ட எல்ஃப் என்னும் மனிதரல்லாத குலத்தார் இத்தகைய பிழையான வானியலை நம்பியிருக்க முடியாது என்ற ஐயம் மீண்டும் எழ, இக்கதைகள் மனிதரின் வாயில் சிதைந்து வந்த மரபு எனக் கொள்ளலாம் என்றொரு தீர்வை அவர் குறித்துவைத்தார். மெய்யான தொன்மங்களின் முரண்களை நாட்டார் வழக்காற்றியலார் விளக்கும் முறையையே ஒருவர் தம் சொந்தக் கற்பனையின் முரண்களுக்கும் கையாண்டது இலக்கிய வரலாற்றில் அரிய நிகழ்ச்சி.

இதற்கிடையில் அச்சில் பிறர் முந்திக்கொண்டனர். டோல்கினின் நண்பர் சி. எஸ். லூயிஸ், சிங்க வடிவினனாகிய அஸ்லான் பாடிப் பாடி நார்னியா உலகைத் தோற்றுவிப்பதை விவரிக்கும் நூலை 1955இல் வெளியிட்டார். ஏழு நூல்கள் கொண்ட அவ்வரிசையில் அது ஆறாவதாக வந்தது. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குயின், எர்த்சீ என்னும் தீவுலகைக் களமாகக் கொண்ட சிறுகதைகளை 1964இல் வெளியிட்ட பின், 1968இல் வந்த முதல் புதினத்தின் வாயிலில்தான் அவ்வுலகின் படைப்புப் பாடலிலிருந்து சில வரிகளை வைத்தார். பாடல் முழுமையாக அங்கே இல்லை. பழம்பாடலின் சிதறிய துண்டு என்ற தோற்றம் முழுக் கதையைவிட வலுவாக வேலைசெய்யும் என்பதை அவர் அறிந்திருந்தார். பின்னாளில் ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் 1983இல் தொடங்கிய தட்டுலகக் கதைகளில் ஆமையின் மேல் நான்கு யானைகள் உலகைத் தாங்குவது, கூர்மத்தையும் திசையானைகளையும் அறிந்த தமிழ் வாசகருக்குப் புதிதன்று. அங்கே அது நகைச்சுவையாகிறது.

டோல்கின் 1973இல் மறைந்தபோது ஐனுலிந்தலே அச்சேறியிருக்கவில்லை. அவருடைய மகன் கிறிஸ்டோபர், கை கேவ்ரியல் கே என்னும் இளைஞரின் துணையுடன் கைப்படிகளை ஒழுங்குபடுத்தி, 1977இல் 'சில்மரில்லியன்' என்னும் நூலை வெளியிட, தட்டை உலக வடிவமே அதன் முதற்பகுதியாயிற்று. மிகப் பழைய வடிவத்தில் ரூமில் என்னும் முதிய அறிஞர் எரியோல் என்னும் கடலோடிக்குச் சொல்வதாகவும், பிந்திய வடிவங்களில் பெங்கோலொத் என்பவர் ஆல்ஃப்வினே என்னும் ஆங்கிலேயனுக்கு உரைப்பதாகவும் அமைந்திருந்த கூற்றுச் சட்டகம், அதாவது யார் யாருக்குச் சொன்னது என்னும் புறவமைப்பு, அந்நூலில் நீக்கப்பட்டிருந்தது. கதை எங்கிருந்தோ கேட்கும் குரலாக நின்றது. தந்தையின் கைப்படிகளை 12 தொகுதிகளாகப் பதிப்பிக்கும் பணியை 1983இல் தொடங்கிய கிறிஸ்டோபர், அதன் முதல் தொகுதியின் முன்னுரையில், அத்தொன்மம் கற்பனை உலகுக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதற்கான குறிப்பு எதுவுமின்றி 1977ஆம் ஆண்டு நூலை வெளியிட்டது தவறு என்று எழுதி, ரூமிலும் எரியோலும் பேசிக்கொள்ளும் முதல் வடிவத்தை அத்தொகுதியிலேயே முழுமையாக அச்சிட்டார்.