பிடி தானியமும் பல்கலைக்கழகமும்

மகனுக்கோ மகளுக்கோ வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தவுடன், நம் இல்லங்களில் மகிழ்ச்சியோடு சில கேள்விகளும் எழுகின்றன. பிள்ளை எங்கே தங்குவான்? நம் முறைப்படி பொழுது சாயுமுன் அவனுக்கு உணவு கிடைக்குமா? காய்ச்சல் கண்டால் யார் பார்ப்பார்? மனம் சோர்ந்தால் யாரிடம் சொல்வான்? நம் பெரியோர் ஆகாரம், ஔடதம், சாஸ்திரம், அபயம் என்று நான்கு தானங்களை வகுத்தனர். படிக்கச் சென்ற பிள்ளைக்கு இந்நான்கும் வேண்டும். கல்லூரி தருவதோ பெரும்பாலும் சாஸ்திரம் ஒன்றே. எஞ்சிய மூன்றையும் யார் தருவது என்ற கேள்விக்கு, நூறாண்டுகளுக்கு முன் மராட்டிய நாட்டில் ஜைன இல்லறத்தார் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக அளித்தார். அவரே கர்மவீர் பாவுராவ் பாட்டீல்.

அவர் காலத்திற்குச் சற்று முன்பே கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா ஒரு புதிய வழியைத் திறந்திருந்தார். கிராமத்துப் பிள்ளைகள் நகரத்தில் தங்க இடமின்றிப் படிப்பைக் கைவிடுவதைக் கண்ட அவர், 1901 முதல் பல சமூகத்தாரும் தத்தம் மாணவர் விடுதிகளைத் தொடங்க ஊக்கமளித்தார். அரசு நிலமும் நிதியும் உதவியது. நிர்வாகத்தைச் சமூகத்தார் ஏற்றனர். நம் சமூகத்திலும் மும்பை சேட் மாணிக்சந்த் ஹீராசந்த் (1851–1914) போன்ற வள்ளல்கள் மாணவர் விடுதிகளுக்குப் பொருளை வாரி வழங்கினர். ஆங்கிலக் கல்வி பெற்ற முதல் தலைமுறை ஜைனர் பலர் இத்தகைய விடுதிகளில் தங்கிப் படித்தவர்களே.

பாவுராவ் 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், கோலாப்பூரை அடுத்த கும்போஜ் என்னும் ஊரில் திகம்பர ஜைனக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூரை ஒட்டிய பாகுபலி மலைக்கு நம்மவர் பலர் யாத்திரை சென்றிருப்பர். படிப்புக்காகக் கோலாப்பூர் வந்த பாவுராவ் ஜைன விடுதியில் சேர்ந்தார். தீண்டப்படாதார் எனப்பட்ட பிள்ளைகளுக்காக அந்நகரில் ஒரு விடுதி திறக்கப்பட்டபோது அவ்விழாவிற்குச் சென்று வந்தார். திரும்பியவரை நீராடித் தூய்மை செய்துகொண்டு உள்ளே வருமாறு விடுதியில் கட்டளையிட்டனர். அவர் மறுத்தார், விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார். அவருடைய வாழ்க்கை வரலாறுகள் இந்நிகழ்ச்சியை மறைக்காமல் கூறுகின்றன. நாமும் மறைக்க வேண்டியதில்லை. நம் சமூகம் கட்டிய கதவு ஒன்று ஓர் இளைஞனுக்கு அடைபட்டது. எவருக்கும் அடைபடாத கதவொன்றை அமைக்க அவ்விளைஞன் பின்னாளில் முனைந்தார்.

மெட்ரிகுலேஷன் படிப்பை முடிக்காத பாவுராவ், கிர்லோஸ்கர் நிறுவனத்தின் இரும்புக் கலப்பைகளை விற்கும் பணியில் ஊர் ஊராகச் சென்றார். உழவர் வீட்டுப் பிள்ளைகளின் அறியாமையை அப்பயணங்களில் நேரில் கண்டார். 1919 அக்டோபர் 4ஆம் நாள் கராட் அருகிலுள்ள காலே என்னும் சிற்றூரில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்னும் கல்வி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ரயத் என்றால் உழவர், குடிமக்கள் என்பது பொருள். 1924இல் சதாராவில் மாணவர் விடுதியைத் தொடங்கினார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கு ஒன்றாகச் சமைத்தனர். ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். 1927இல் அங்கு வந்த காந்தியடிகள் அவ்விடுதிக்குச் சத்ரபதி சாகு விடுதி எனப் பெயர் சூட்டினார்.

தொடக்கத்தில் அவ்விடுதி ஒரு குடும்பத்தின் தானத்தால் மட்டுமே நடந்தது. பாவுராவின் துணைவியார் லட்சுமிபாய் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாயாக இருந்தார். தானியம் தீர்ந்த நாள்களில் தம் நகைகளை ஒவ்வொன்றாக விற்றார். இறுதியில் மாங்கல்யத்தையும் கொடுத்தார். 1930இல் அவர் மறைந்தார். அவருடைய தியாகத்தைப் போற்றும்போதே ஓர் உண்மையையும் உணர வேண்டும். ஒரு தாயின் நகைப்பெட்டி எவ்வளவு பெரிதாயினும் ஒரு நாள் காலியாகும். படிக்க வரும் பிள்ளைகளின் வரிசையோ முடிவதில்லை.

ஆகவே பாவுராவ் பல கைகளை இணைத்தார். நம் ஊர்களில் பிடியரிசி எடுத்து வைப்பது போல, கிராமத்துப் பெண்கள் நாள்தோறும் ஒரு பிடி தானியத்தை விடுதிக்கென ஒதுக்கி வைத்தனர். முஷ்டி நிதி என்று அதற்குப் பெயர். சதாரா அரச குடும்பத்தார் தோட்டம் அளித்தனர். மாணவர்கள் அதில் உழுதனர், கல் உடைத்தனர், கட்டடம் எழுப்பினர். பரோடா மன்னர் சயாஜிராவ் பெயரால் 1940இல் உயர்நிலைப் பள்ளியும், 1947இல் சத்ரபதி சிவாஜி கல்லூரியும் சதாராவில் எழுந்தன. பணமில்லாத மாணவன் தன் உழைப்பையே கட்டணமாகச் செலுத்தி அங்கே பட்டம் பெறலாம். பெறுபவனும் கொடுப்பவருள் ஒருவனானதால், அங்கு உண்டவன் தலைகுனிய நேரவில்லை. அந்நிறுவனத்தின் சின்னம் ஆலமரம். ஒரு மரம் பல விழுதுகளால் நிற்பதை அச்சின்னம் நமக்கு நினைவூட்டுகிறது.

அடுத்த படி பல்கலைக்கழகத்தினுடையது. 1959இல் புனே பல்கலைக்கழகம் பாவுராவுக்கு மதிப்புறு டி.லிட். பட்டம் வழங்கிப் போற்றியது. அவ்வாண்டு மே 9ஆம் நாள் அவர் மறைந்தார். சதாரா விடுதியில் வளர்ந்த பாரிஸ்டர் பி. ஜி. பாட்டீல் பின்னாளில் கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1964–66இல் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, மாணவர்க்குரிய உடல்நலம், உறைவிடம், வழிகாட்டல், பொருளுதவி ஆகிய சேவைகள் கல்வியின் பிரிக்கவொண்ணாப் பகுதியே என்றும், அவற்றைக் கவனிக்க மாணவர் நலத் தலைவர் ஒருவர் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இன்று புனே பல்கலைக்கழகத்தின் ‘உழைத்துக் கற்கும் திட்டம்’ கர்மவீரரின் பெயரையே தாங்கி நிற்கிறது. அத்திட்டத்தில் மாணவர்கள் நூலகத்திலும் அலுவலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் தோட்டத்திலும் மணிக்கணக்கில் பணியாற்றி ஊதியம் பெறுகின்றனர். பல்கலைக்கழகமும் இணைப்புக் கல்லூரிகளும் கைகோத்து அதை நடத்துகின்றன. ஒரு விடுதியின் பழக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் நெறியாயிற்று.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது என்ன? வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து நம் பிள்ளைகள் தொலைநகரங்களுக்குப் படிக்கச் செல்கின்றனர். நம் அறக்கட்டளைகள் கல்வி உதவித்தொகை வழங்குகின்றன, அது நற்பணியே. ஆனால் தொகையை அனுப்பியதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. பிள்ளை படிக்கும் கல்லூரியின் மாணவர் நலப் பொறுப்பாளரை நாம் அறிந்திருக்க வேண்டும். அந்நகரில் வாழும் நம் குடும்பங்களுள் ஒன்று, நோயுற்ற நாளில் சென்று பார்க்கும் உறவாக இருக்க வேண்டும். அங்கே முன்னர்ப் படித்தவர் புதியவருக்கு வழி சொல்ல வேண்டும். விடுதிச் சமையலறையோடு பேசி, பொழுது சாயுமுன் ஒரு தட்டு உணவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இவற்றில் எதற்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை.

முற்காலத்தில் நம் துறவியர் உறைந்த இடத்திற்குப் பள்ளி என்று பெயர். கற்பிக்கும் இடத்தையும் தமிழர் அச்சொல்லாலேயே அழைக்கின்றனர். உறைவிடமும் கல்வியும் ஒரே சொல்லில் வாழும் மொழி நம்முடையது. அவ்விரண்டும் நம் பிள்ளைகளின் வாழ்விலும் பிரியாதிருக்கச் செய்வது நம் கையில் உள்ளது. கையிலுள்ளது ஒரு பிடி தானியமேயாயினும், பல கைகள் கூடினால் அது போதும்.