கிழவி என்னும் சொல்லும் மகளிர் விளியும்

தொல்காப்பியக் கற்பியலை முதுகலை வகுப்பிற் கற்பிக்குந்தோறும் ஒன்றனை யாம் கண்டு வருகின்றோம். வினைமேற் சென்ற தலைவனிடம் பாசறைக்கண் தலைவியின் நிலையை உரைத்தலாகாது என விதிக்கும் நூற்பாவில், தலைவியைக் குறிக்கக் கிழவி என்னும் சொல்லை ஆசிரியர் ஆள்கின்றார். அதனைப் படித்த அளவிலே மாணவியர் முகஞ் சுளிக்கின்றனர். இளமை நலம் வாய்ந்த தலைவியைக் கிழவி என்றல் எங்ஙனம் என வினவுகின்றனர். அச்சுளிப்பின் வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

கிழமை என்பது உரிமை. ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இலக்கண நூலார் பகுப்பதும் இப்பொருள் பற்றியே. ஆதலின் கிழவன், கிழவோன் என்பன உரிமையுடையானையும், கிழவி, கிழத்தி, கிழவோள் என்பன உரிமையுடையாளையும் குறித்தன. அகவை இவற்றுட் குறிக்கப்படவில்லை. என்றும் இளையோனாகிய முருகனைப் பழமுதிர்சோலை மலைக்குக் கிழவோன் எனக் கூறித் திருமுருகாற்றுப்படை முடிதலே இதற்குச் சான்றாம்.

பின்னர் இப்பொருள் திரிந்தது. குடியின் உரிமை மூத்தோர்பால் நின்றமையின், உரிமையுடையார் என்பது மூத்தோர் எனவும், அது பின்னும் இழிந்து தளர்ந்தோர் எனவும் பொருள்பட்டிருத்தல் கூடும். இத்திரிபு இருபாற்கும் பொதுவே. கிழவன் என்னும் சொல்லும் இதனின்று தப்பவில்லை. ஆயினும் ஆண்பாலுக்கு வேறொரு வடிவம் எஞ்சியது. கோவூர்கிழார், அரிசில்கிழார் என்னும் புலவர் பெயர்களிலும், நிலக்கிழார் என இன்றும் வழங்கும் சொல்லிலும் பழைய உரிமைப்பொருள் அழியாது நிற்கின்றது. பெண்பாலிலோ மனைக்கிழத்தி, காமக்கிழத்தி என்பன எஞ்சின, அவையும் ஏட்டளவினவே. நிலத்துக்கு உரியாளைக் குறிக்கும் சொல் அவ்வரிசையில் வழக்கூன்றவில்லை. பேச்சு வழக்கிற் கிழவி என்னும் சொல்லில் எஞ்சியது முதுமை மட்டுமே.

ஔவை என்னும் பெயரும் இவ்வழியே சென்றது. தாய் எனப் பொருள்படும் அச்சொல் மதிப்புப் பற்றியது. புறநானூற்றின் 89-ஆம் பாட்டில் பகைவேந்தன் ஔவையாரை ஒளி பொருந்திய நெற்றியும் மையுண்ட கண்ணும் உடைய விறலி என விளித்து வினவுகின்றான். அவ்விளியை அவரே எடுத்துரைத்து விடையும் இறுக்கின்றார். ஆண்டுக் காணப்படுபவர் மூதாட்டி அல்லர். பிற்காலத்து ஔவையார் பலரையும் ஒருவராக்கிய மக்கள் கதையோ, மணத்தினின்று விடுபடும் பொருட்டு விநாயகரை வேண்டி முதுமை பெற்றார் என்கின்றது. தன் விருப்பின்படி ஒரு பெண் வாழ வேண்டுமாயின் இளமையைத் துறத்தல் வேண்டும் என்னும் உலகியலை இக்கதை நமக்கு உணர்த்துகின்றது.

மகளிர் அகவையைப் பெயராலேயே வரையறுத்தவை பாட்டியல் நூல்களும் உலா நூல்களுமாம். ஆதியுலா எனப்படும் திருக்கைலாய ஞானவுலாவிலேயே எழுவகைப் பருவ மகளிரும் வருகின்றனர். பாட்டியல்கள் தம்முள் வேறுபடினும், பேதைக்கு 5 முதல் 7 எனத் தொடங்கிப் பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 என முடித்தல் பெருவழக்கு. ஆடவர்க்கும் பருவப்பெயர் கூறும் பாட்டியல்கள் உள. எனினும் உலாப் பாடலினுள் பவனி வரும் தலைவன் பருவம் பருவமாகப் பகுக்கப்படுவதில்லை; காணும் மகளிரே எண்ணப்படுகின்றனர். நாற்பதுக்கு மேற்பட்ட மகளிர்க்கு அங்கே பெயரும் இல்லை. தெருவில் நிற்க இடமும் இல்லை. இறுதிப் பருவத்தின் பெயரிலும் இளமை என்னும் சொல்லை விடாது பொதிந்து வைத்தமை, எண்ணப்படுவாரின் மனத்தைப் புலவர் ஓரளவு அறிந்திருந்தனர் என்பதனைக் காட்டுகின்றது.

அங்ஙனமாயின் மூத்தோர்க்குரிய விளியை மகளிர் வெறுக்கின்றனர் எனல் பொருந்துமோ? பொருந்தாது. தோழி தலைவியையும் தலைவி தோழியையும் அன்னை என்றல் மரபு எனப் பொருளியல் உரைகளால் அறிகின்றோம். ஐங்குறுநூற்றின் அன்னாய் வாழிப்பத்திலும் தலைவி தன் தோழியை அவ்வாறு விளிக்கின்றாள். இருவரும் இளையர், அன்பே அவ்விளியின் பொருள். ஐந்து வயது மகளை ‘வாம்மா’ என நாம் இன்றும் அழைப்பது அம்மரபின் தொடர்ச்சி எனலாம். அம்மா என்னும் சொல் எவரையும் புண்படுத்தாமைக்குக் காரணம் அது அகவையை அளவாமையே.

கடைத்தெருவில் நேற்றுவரை அக்கா என அழைக்கப்பட்டவர் இன்று ஆன்ட்டி என அழைக்கப்படும்போது நிகழ்வது வேறு. உறவின் பெயரால் ஒரு கணக்கெடுப்பு அங்கே நிகழ்கின்றது. அவருடன் நிற்கும் ஆடவர் இருபதிலும் அறுபதிலும் பெரும்பாலும் சார் என்றே அழைக்கப்படுகின்றார். இவ்வேறுபாட்டை உணர்ந்தே மகளிர் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தை வீண் ஒப்பனை விருப்பம் என நகையாடுதல் தகாது. உரிமை நீங்கி முதுமை மட்டும் எஞ்சிய ஒரு சொல்லின் வரலாறு அதன் பின்னே நிற்கின்றது.

ஆதலின் அந்நூற்பாவைக் கற்பிக்கும் ஆசிரியர், கிழவி என்பதற்குத் தலைவி என்று பொருள் கூறி அமைதல் போதாது. உரிமையுடையாள் என்னும் பொருளை முதலில் நிறுவிவிட்டே சொல்லைப் படிக்கச் செய்தல் நன்று. எம் வகுப்பில் இம்முறையைக் கையாண்டபோது மாணவியர் முகஞ் சுளிக்கவில்லை. அச்சொல் அப்பொருளை எப்போது இழந்தது என்றே வினவினர். அவ்வினாவிற்கு விடை காணுதல் இளைய ஆய்வாளர் கடனாகும்.